மூன்றாவதாக வந்த தாய்மாமன்

சோழவந்தான்
8 ஜனவரி 2025

மச்சான்,

போனில் பேசினால் நீங்கள் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். நானும் ஏமாந்து சரி மச்சான் என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் உங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டு இந்த மின்னஞ்சலை எழுதுகிறேன். பதிலும் எழுத்திலேயே வரட்டும்.

நம் வைகை மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருப்பதை நேற்றுத்தான் பார்த்தேன். யாரோ எவரோ பார்ப்பதுபோல இணையத்தில் பார்த்தேன். அறிவிப்பின் முதல் வரியே, இனிமேல் வைகையோடு தானாகக் கிடைக்கும் டெம்ப்ளேட் எஞ்சின் 'மின்னல்' என்கிறது. எழுதியவர் சிவக்குமார். கடைசியில், ஒருவரும் படிக்காத இடத்தில், பழைய 'அச்சு' வேண்டுமென்பவர்கள் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம் என்று போட்டிருக்கிறது. வேண்டுமென்பவர்கள்! பந்தியில் ஊறுகாய் வைப்பதுபோல.

அச்சு நான் எழுதியது. காளவாசலில் ஜெராக்ஸ் கடை மாடியில் நீங்களும் நானும் வைகையைத் தொடங்கியபோது, இணையத்தளம் கட்டுகிற ஃபிரேம்வொர்க் என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டோமே தவிர, கையில் இருந்தது அச்சு ஒன்றுதான். பெயர், தேதி, மண்டபம் என்று கடைக்காரர் தட்டிக் கொடுத்தால் அதை ஒரு பத்திரிகையாக, பார்க்க லட்சணமான பக்கமாகக் கட்டித் தந்தது அதுதான். அதைப் பார்த்துத்தான் அழைப்பிதழ்க் கடைக்காரர்கள் நம்மிடம் வந்தார்கள்.

எனக்கு அம்மை போட்டு வேப்பிலைக்கு நடுவில் படுத்துக்கிடந்த மார்கழியில் இதை முடிவு செய்திருக்கிறீர்கள். அம்மா என் கைப்பேசியைப் பிடுங்கி வைத்திருந்தார். நான் எழுந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பொறுக்க முடியவில்லையா?

வெளியூர்க்காரன் எவனாவது எழுதியிருந்தால்கூடப் போகிறது. சிவக்குமார் என் சித்தப்பா மகன். சின்ன வயதிலிருந்து நான் எதைத் தொட்டாலும் பின்னாலேயே வந்து அவனும் தொடுவான். என்னைவிட நன்றாகவும் செய்வான். நான் விழுந்து எழுந்து சைக்கிள் பழகினேன். அவன் அடுத்த வாரமே கையை விட்டுவிட்டு ஓட்டினான். சித்தப்பா வந்து அப்பாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பொறாமையா என்று கேட்பீர்கள். பொறாமைதான். வயிறு எரிகிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஏன் என்று மட்டும் சொல்லுங்கள்.

தமிழ்மாறன்


காளவாசல்
10 ஜனவரி 2025

மாப்ள,

உன் கடிதத்தை உன் அக்கா தாமரை எனக்கு முன்னால் படித்துவிட்டாள். "பதில் எழுதுறதுன்னா எழுதுங்க. சிரிப்பு மூட்டுறேன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. அவன் அம்மை எறங்குன உடம்பு" என்று உத்தரவு. ஆகவே ஒழுங்காக எழுதுகிறேன்.

கோரிப்பாளையத்தில் பத்திரிகைக் கடை வைத்திருக்கிற காதர் பாயை உனக்குத் தெரியும். நீ படுத்த மறுநாள் அவரிடமிருந்து போன். "என்னா தம்பி, நிக்காஹ் பத்திரிகையத் தொறந்தா மாப்பிள்ளை படம் தலைகீழாச் சுத்துது. பொண்ணு வீட்டுல என்னையத் திட்டித் தீக்குறாக" என்றார். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வாழ்த்து எழுதுகிற கட்டத்தில் வாழ்த்துக்குப் பதிலாக நாலு வரி நிரலை எழுதிவிட்டார்கள். அச்சு அதையும் வாழ்த்து என்று நம்பி அப்படியே பக்கத்தில் போட்டுவிட்டது. யார் எதைக் கொடுத்தாலும் அப்படியே போடும் குணம் அதற்கு. அந்த ஓட்டையை அடை என்று போன வருஷம் நான் சொன்னபோது நீ பார்ப்போம் என்றாய்.

முகூர்த்த நாளில் என்ன நடக்கிறது என்பதும் உனக்குத் தெரியும். ஊரே பத்திரிகையைத் திறக்கும். அச்சு ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும். நமக்குத் திட்டு விழும். மின்னல் ஒருமுறை கட்டியதை வைத்திருந்து எடுத்துக் கொடுக்கிறது. வாழ்த்துக் கட்டத்தில் என்ன எழுதினாலும் எழுத்தாகத்தான் காட்டும், ஓடவிடாது. சிவா தன் பாட்டுக்கு எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் கேட்டு வாங்கினேன்.

சொல்லாமல் செய்தேன் என்கிறாய். உங்கள் வீட்டு வாசல்வரை வந்தேன் மாப்ள. "அம்மை வீட்டுக்குள்ள வரக்கூடாது மாப்ள, பிள்ளைக்கு ஒட்டிக்கிரும்" என்று அத்தை வேப்பிலைக்கு அந்தப் பக்கமிருந்தே அனுப்பிவிட்டார். காதர் பாய் காத்திருக்கவில்லை. நானும் காத்திருக்கவில்லை.

இதையெல்லாம் விடு. நம் பிள்ளை அஸ்வினிக்குக் காதுகுத்து வைத்தாயிற்று. மார்ச் 2, ஞாயிறு, குலசாமி கோயிலில். தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்வேன் என்று இப்போதே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பத்திரிகை விஷயம் பேச ஒரு நடை வா.

ஜெயபாண்டி


சோழவந்தான்
17 ஜனவரி 2025

மச்சான்,

ஓட்டை இருந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஓட்டையை அடைக்கச் சொல்லி நெருக்கியிருக்கலாம். ஓட்டைக்காக வீட்டையே மாற்றிவிட்டீர்கள்.

பொங்கல் முழுக்க மின்னலைப் படித்தேன். வீட்டில் எல்லோரும் ஜல்லிக்கட்டுப் பார்க்கப் போயிருந்தார்கள். நான் அவனுடைய நிரலை வரி வரியாகத் துருவிக்கொண்டிருந்தேன். ஒரு குறை கிடைத்தால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன். அப்பா, அம்மா, சித்தப்பா, மாமா என்று மாதிரிக்கு ஒரு பத்திரிகை தட்டிப் பார்த்தேன். சொடுக்குப் போடுவதற்குள் பக்கம் வந்து நிற்கிறது, ஒரு எழுத்து பிசகவில்லை. வாழ்த்துக் கட்டத்தில் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன், அசையவில்லை. நன்றாக எழுதியிருக்கிறான். அதுதான் பொறுக்கவில்லை. குப்பையாக இருந்திருந்தால் உங்களை இரண்டு திட்டுத் திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

நிரலின் தலையில் ஒரு குறிப்பு வேறு எழுதியிருக்கிறான். 'அண்ணன் தமிழ்மாறனின் அச்சைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.' பெருந்தன்மையாம். அதைப் படித்ததும் கூடக் கொஞ்சம் எரிந்தது.

இன்னொரு விஷயம். சித்தப்பா வீட்டில் பிள்ளைக்குத் தங்கத் தோடு எடுத்துவிட்டார்களாம். அம்மாதான் சொன்னார், அவருக்கும் முகம் சரியில்லை. முதல் தோடு கூடப்பிறந்த தாய்மாமன் போடவேண்டியது. கருவாடு கூடாது, குழம்பு கூடாது என்று பத்தியத்தில் கிடந்தவன் செத்தா போய்விட்டேன்? முதலில் எஞ்சின். இப்போது தோடு. அடுத்தது மடியா?

அஸ்வினி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியவன் நான். மடியை நான் விடமாட்டேன். பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பெயர் முதலில் இருக்கவேண்டும். இருந்தால் வருகிறேன். இல்லையென்றால் நீங்களே நடத்திக்கொள்ளுங்கள்.

தமிழ்மாறன்


காளவாசல்
24 ஜனவரி 2025

மாப்ள,

ஒரு வாரம் பதில் எழுதவில்லை. கோபத்தில் எழுதினால் உன்னைப்போல ஆகிவிடுவேன் என்று பயந்தேன்.

நீ எழுதியதைப் படித்துவிட்டு தாமரை அடுப்படியில் நின்று அழுதாள். "ரெண்டு பேரும் எனக்குத் தம்பிதான். ஒருத்தனுக்கு வாங்கிக் குடுத்தா இன்னொருத்தன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருவான். இம்புட்டு வயசாகியும் மாறலயே" என்றாள். தோடு விஷயத்தில் சிவாமேல் தப்பில்லை. நீ படுத்திருக்கிறாயே, கடைசி நேரத்தில் அலையக்கூடாதே என்று எடுத்து வைத்தான். நீ எடுக்கிற தோடுதான் காதில் ஏறும், அவன் எடுத்தது பெட்டியில் இருக்கும். சொல்லிவிட்டேன். சரி மச்சான் என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

பத்திரிகையை வேறு யாரிடமும் கொடுக்கப்போவதில்லை. பெயர்களை நானே உட்கார்ந்து தட்டுகிறேன். கூடப்பிறந்தவன் நீ முதலில். உங்கள் பெரியப்பா மகன் சுருளி அண்ணன் அடுத்தது. சிவா கடைசியில். ஊரில் பெயர் வரிசைக்காக எத்தனை விசேஷம் பாதியில் நின்றிருக்கிறது என்று எனக்குப் பாடம் எடுக்காதே. பத்திரிகை விற்றுத்தான் நானும் சோறு தின்கிறேன்.

உன் பெயர் முதலில் இருக்கும். இது என் வாக்கு.

ஜெயபாண்டி


சோழவந்தான்
6 பிப்ரவரி 2025

ஜெயபாண்டி அவர்களுக்கு,

பத்திரிகை வந்து சேர்ந்தது. எனக்கு மட்டுமல்ல, வாட்ஸப்பில் சொந்தம் முழுவதற்கும் வந்து சேர்ந்தது.

தாய்மாமன்கள்: சிவக்குமார், சுருளி, தமிழ்மாறன்.

காலையிலிருந்து போன் ஓயவில்லை. ஒச்சம்மா அத்தை கேட்டார்: "ஏப்பா, கூடப்பிறந்தவன் பேரு அடியில கெடக்கு? அக்கா தம்பிக்குள்ள பேச்சுவார்த்தை இல்லையா?" அப்பா பத்திரிகையைப் பார்த்துவிட்டு வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போய்விட்டார், மதியச் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. சித்தப்பா வீட்டில் மட்டும் எல்லோருக்கும் வாய் கொள்ளாத சிரிப்பு என்று கேள்வி.

வாக்கு என்று எழுதியிருந்தீர்கள். நான் அதை நம்பித் தோடு எடுத்துவிட்டேன். அக்காவிடம் அனுப்பிவைக்கிறேன்.

நான் வரவில்லை. முதலில் பெயர் உள்ளவர் மடியில் பிள்ளையை உட்கார வையுங்கள்.

தமிழ்மாறன்


காளவாசல்
7 பிப்ரவரி 2025

மாப்ள,

அவர்களுக்கு இவர்களுக்கு என்றெல்லாம் எழுதாதே.

அஸ்வினிமேல் சத்தியமாக உன் பெயரைத்தான் முதலில் தட்டினேன். இப்போதும் திறந்து பார்க்கிறேன், நான் தட்டிய இடத்தில் நீ முதலில்தான் இருக்கிறாய். பக்கமாக வரும்போது மூன்றாவதாகப் போய்விடுகிறாய். அன்றைக்குப் பிள்ளையின் படத்தையும் தேதியையும் பார்த்தேன், நன்றாக இருக்கிறதே என்று எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். கீழே இறங்கிப் பார்க்காதது என் தப்பு. அச்சகத்துக்கு இன்னும் கொடுக்கவில்லை, அந்த மட்டுக்கும் தப்பித்தோம்.

நம் வீட்டோடு முடியவில்லை. செக்கானூரணியில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் தம்பிக்குக் கீழே போய், பெரியப்பா நிச்சயத்துக்கே வரமாட்டேன் என்கிறாராம். காதர் பாய் கடையிலும் இரண்டு பேர் வந்து சண்டை. சிவா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கும் புரியவில்லை. "அண்ணன் பேர மூணாவதாப் போட்டுட்டு நான் எப்புடி மச்சான் சோழவந்தான்ல பெரியப்பா வீட்டு வாசல மிதிப்பேன்" என்கிறான்.

ஒன்று சொல்கிறேன், திட்டாமல் கேள். போன வருஷம் கோயம்புத்தூர்க் கல்லூரியில் வைகையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். உன்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் கார் ஓட்டிக்கொண்டு வந்தேன். மேடைக்குக் கீழே உட்கார்ந்து கைதட்டினேன். கடைகடையாக ஏறி இறங்கி வைகையை விற்றவன் நான், பெயர் உனக்கு. சிவா மின்னலைக் காட்டியபோது அது நல்ல எஞ்சின் என்பது தெரிந்தது. அது உன்னுடையதில்லை என்பதும் எனக்குக் கொஞ்சம் இனித்தது. பொறாமை உனக்கு மட்டும் சொந்தமில்லை மாப்ள.

நீ ஒரு வார்த்தை சொல், இன்றைக்கே அச்சைப் பழைய இடத்தில் வைத்துவிடுகிறேன். அறிவிப்பிலும் தவறு செய்துவிட்டோம் என்று போடுகிறேன். அதற்கு முன்னால் இது என்ன என்று பார்த்துச் சொல். உன்னை விட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

ஜெயபாண்டி


சோழவந்தான்
9 பிப்ரவரி 2025

மச்சான்,

பார்த்தேன்.

மின்னல் பெயர்களைக் கையில் வாங்கியதும் அகர வரிசையில் அடுக்கிக்கொள்கிறது. அப்படி அடுக்கினால் ஒரே விவரத்துக்கு எப்போதும் ஒரே பக்கம் வரும், வைத்திருந்து எடுத்துக் கொடுப்பது சுலபம். அதன் வேகமே அதில்தான் இருக்கிறது. சரக்குப் பட்டியலுக்கும் பள்ளிக்கூட வருகைப் பதிவுக்கும் அது நல்லதுதான். நம்மூர்ப் பத்திரிகைக்கு ஆகாது. சி முதலில், சு அடுத்தது, த கடைசியில். என்னை யாரும் கீழே தள்ளவில்லை, எழுத்து தள்ளியிருக்கிறது. அச்சில் தட்டின வரிசை அப்படியே வரும். அதை நான் யோசித்துச் செய்யவில்லை, அடுக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கண்டுபிடித்ததும் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எழுந்து நின்றுவிட்டேன். உலகத்துக்கே தெரிகிற மாதிரி எழுதிப்போட உட்கார்ந்தேன். மின்னலின் பெருங்குறை என்று தலைப்பும் போட்டேன். அப்போதுதான் உறைத்தது. பொங்கலுக்கு இதே எஞ்சினை நான் துருவியிருக்கிறேன். மாதிரிப் பத்திரிகையில் அப்பா, அம்மா, சித்தப்பா, மாமா என்று தட்டியிருக்கிறேன். அந்த நாலும் ஏற்கனவே அகர வரிசையில்தான் இருக்கின்றன. குறை தேடி உட்கார்ந்த என் கண்ணுக்கு முன்னாலேயே அது அடுக்கிக் காட்டியிருக்கிறது, நான் ஒரு எழுத்து பிசகவில்லை என்று உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இதில் அவனை மட்டும் எப்படித் திட்டுவது? தலைப்பை அழித்துவிட்டேன்.

அச்சைத் திரும்ப வைக்கிறேன் என்றீர்கள். ஆசையாகத்தான் இருந்தது. ஒரு நாள் முழுக்க அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். வேண்டாம். வைத்தால் அடுத்த முகூர்த்தத்தில் காதர் பாய் கடையில் மறுபடி ஒரு மாப்பிள்ளை தலைகீழாகச் சுற்றுவார், நீங்கள் அச்சைத் திட்டுவீர்கள். மின்னலில் ஒரு திருத்தம் எழுதி சிவாவுக்கு அனுப்பியிருக்கிறேன். தட்டின வரிசையை அது அப்படியே காப்பாற்றும். அகர வரிசை வேண்டுமென்பவர்கள் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும். வேகம் குறையவில்லை, மூன்று தடவை சோதித்துவிட்டேன். இந்தத் தடவை தாறுமாறான பெயர்களை வைத்து.

அறிவிப்பில் அச்சு பற்றி இருக்கிற அந்தக் கடைசி வரியையும் எடுத்துவிடுங்கள். ஊறுகாயாக இருப்பதற்கு இல்லாமலே போகலாம்.

கோயம்புத்தூர் விஷயம் எனக்குத் தெரியாது மச்சான். நீங்கள் கைதட்டியது தெரியும். மேடையிலிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன். இல்லாவிட்டால் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த முறை நீங்கள் மேலே ஏறுங்கள்.

காதுகுத்து பற்றி இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை. அனுப்பின பத்திரிகை அனுப்பினதுதானே.

தமிழ்மாறன்


காளவாசல்
13 பிப்ரவரி 2025

மாப்ள,

சிவா உன் திருத்தத்தைச் சேர்த்துவிட்டான். செக்கானூரணிப் பெரியப்பா மலையிறங்கிவிட்டார். நம் பத்திரிகையையும் திருத்தி எல்லோருக்கும் மறுபடி அனுப்பியாயிற்று. அச்சடித்ததும் வந்துவிட்டது. நீதான் முதலில். இந்தத் தடவை நான் கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்தேன், தாமரை பக்கத்தில் நின்று படித்தாள், அவளை நம்பாமல் அத்தையையும் படிக்கச் சொன்னோம்.

இனிமேல்தான் சிக்கல். நேற்று சிவா வீட்டுக்கு வந்திருந்தான். அஸ்வினி அவன் சட்டைப் பையில் கை விட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று, "மச்சான், ஒரு காதுக்கு மட்டும் என் மடியில வச்சுக்கிறட்டுமா? அண்ணன்கிட்ட நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்றான். சின்னப் பிள்ளையில் உன் சைக்கிள் பின்னால் ஓடி வந்தது, நீ ஏறு என்று ஒரு நாளும் சொல்லாதது, எல்லாவற்றையும் சொன்னான். உன்னிடம் இருப்பதைப் பார்த்துப் பார்த்து ஏங்கியே வளர்ந்தானாம்.

தாமரைக்கு அந்த யோசனை பிடித்திருக்கிறது. "வலது காது அவன், இடது காது இவன். ரெண்டு தம்பிக்கும் ஆச்சு" என்கிறாள். முடிவு உன் கையில். அவள் கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

ஜெயபாண்டி


சோழவந்தான்
16 பிப்ரவரி 2025

மச்சான்,

உங்கள் எண்ணை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். இதை மட்டும் எழுதியே சொல்லிவிடுகிறேன், போனில் என்றால் அக்கா பிடுங்கிப் பேசுவாள், நான் இளகிவிடுவேன்.

திருத்தத்துக்கு சிவா நன்றி சொல்லி எழுதியிருந்தான். இரண்டு வரிதான். நானும் இரண்டு வரி எழுதினேன். சைக்கிள் விஷயம் நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரியும். அவன் கையை விட்டு ஓட்டியதுதான் என் நினைவில் இருக்கிறது, பின்னால் ஓடி வந்தது இல்லை. அப்பாவிடம் கேட்டேன். "ஆமா, மூச்சு வாங்க ஓடியாருவான், நீ திரும்பியே பாக்க மாட்ட" என்றார். அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லை.

அதற்காக எனக்குப் பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கோயிலில் யாரும் என்னைக் கட்டிப்பிடித்து அழவேண்டாம். தீரவில்லை. மின்னலின் பெயரைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் சுருக்கென்கிறது. அதற்குள் என் நாலு வரி எங்கே இருக்கிறது என்று தேடிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

எஞ்சினை அவனுக்கு விட்டுக்கொடுத்தாயிற்று. மனசோடு கொடுத்தேன், திரும்பக் கேட்கமாட்டேன். கோயிலில் அவன் எனக்குப் பக்கத்தில் உட்காரட்டும். நான் எடுத்த தோடு ஒரு காதில், அவன் எடுத்த தோடு ஒரு காதில் ஏறட்டும், ஜோடி சேரவில்லை என்று யார் சிரித்தாலும் சரி. ஆசாரி கையில் அதை அவனே எடுத்துக் கொடுக்கட்டும். சீர்த்தட்டு தூக்கி வரும்போது முன்னால் அவன் நடந்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

மடியில் பங்கு கிடையாது. வலது இடது என்று பிரிக்கவேண்டாம், அக்காவிடம் சொல்லிவிடுங்கள். ஊசி இறங்கும்போது அஸ்வினி வலி தாங்காமல் ஒரு சட்டையை எட்டிப் பிடிப்பாள். அது என் சட்டையாக இருக்கவேண்டும்.

தமிழ்மாறன்